மஹேல ஜயவர்தன: 49.84 என்ற சராசரியைப் பிரித்துப் பார்த்தால்

149 டெஸ்ட் போட்டிகள், 11,814 ஓட்டங்கள், 34 சதங்கள், சராசரி 49.84. இலங்கைத் துடுப்பாட்ட வீரர் மஹேல ஜயவர்தனவின் டெஸ்ட் கணக்கு இவ்வளவுதான். ஆனால் அந்தச் சராசரிக்குள் இரண்டு வேறு துடுப்பாட்ட வீரர்கள் இருக்கிறார்கள். இலங்கையில் ஆடியதை மட்டும் எடுத்தால் சராசரி 60-ஐ ஒட்டி நிற்கிறது. வெளிநாட்டில் ஆடியதை எடுத்தால் 40-ஐத் தொடத் திணறுகிறது. இடையில் இருபது ஓட்டப் பள்ளம். பத்தாயிரத்தைத் தாண்டியவர்கள் வரிசையில் இப்படியொரு பள்ளத்தோடு நிற்பவர்கள் அதிகமில்லை.

இன்னும் நெருங்கிப் பார்த்தால் கணக்கு மேலும் குறுகும். கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில் மட்டும் 27 டெஸ்ட்களில் 2,921 ஓட்டங்கள், 11 சதங்கள், சராசரி ஏறத்தாழ 75. ஒரே மைதானத்தில் வேறு எவரும் டெஸ்டில் இவ்வளவு ஓட்டங்கள் எடுத்ததில்லை. காலியில் 2,382. இரண்டு மைதானங்களையும் கூட்டினால் 5,303. அதாவது வாழ்நாள் ஓட்டங்களில் நூற்றுக்கு 45 பங்கு இரண்டே இடங்களில் வந்தது.

இதைக் காட்டி அவரை ‘சொந்த மண் வீரர்’ என்று ஒதுக்குபவர்கள் உண்டு. அவர் மட்டையின் அழகைக் காட்டி எண்களையே மறுப்பவர்களும் உண்டு. முதல் கூட்டம் சொல்லும் எண் சரி, காரணம் சரியில்லை. ‘தட்டையான ஆடுகளம், யார் வேண்டுமானாலும் அடிக்கலாம்’ என்பது விளக்கமாகாது. அதே ஆடுகளங்களில் ஆடிய எல்லோருக்கும் 75 வரவில்லையே. பந்தை அவர் எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தத் திசைக்கு அடித்தார் என்பதில்தான் விடை இருக்கிறது.

அவருடைய லேட் கட்டை எடுத்துக்கொள்வோம். சுழற்பந்து ஓஃப் ஸ்டம்புக்கு ஓரடி வெளியே சற்றுக் குட்டையாக விழுகிறது. பெரும்பாலானவர்கள் பின்காலுக்குப் போய் கையை வீசிப் பொயிண்ட் பக்கம் வெட்டுவார்கள். பந்தை உடம்புக்கு முன்னாலேயே சந்தித்துவிடுவார்கள். மஹேல பின்காலை ஸ்டம்புகளுக்கு முன் குறுக்காக வைத்து, தலையைப் பந்துக்கு மேலே கொண்டுவந்து, பொறுப்பார். பந்து இடுப்பைக் கடக்கும். விக்கெட் காப்பாளரின் கையுறை பந்துக்காக விரியும். மட்டை அப்போதுதான் மேலிருந்து கீழாக இறங்கும், முகம் திறந்தபடி. அடி என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. மணிக்கட்டு மடங்குவதோடு சரி. பந்து ஏற்கனவே கொண்டுவந்த வேகத்திலேயே ஸ்லிப்புக்கு (விக்கெட் காப்பாளருக்குப் பக்கத்தில் நிற்கும் களத்தடுப்பாளர்) அருகில் தரையோடு தரையாக, பின்புறத் தேர்ட் மேன் எல்லைக்குப் போய்விடும்.

இந்த அடி அழகுக்காக மட்டும் ஆடப்பட்டதல்ல. இரண்டு தடவை அப்படிப் பவுண்டரி போனால் எதிரணித் தலைவர் கையைப் பிசையத் தொடங்குவார். ஸ்லிப்பை எடுத்துப் பின்னால் ஷோர்ட் தேர்ட் மேனில் நிறுத்தினால் விளிம்பில் பட்ட பந்தைப் பிடிக்க ஆளில்லை. கவரிலிருந்து ஒருவரைப் பின்னுக்கு அனுப்பினால், மஹேலவின் கவர் டிரைவுக்குக் கதவைத் திறந்துவிட்ட கணக்கு. லெக் பக்கத்து ஆளை எடுத்தால் ஸ்வீப். எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு பக்கம் கிழியும் போர்வை அது. வீச்சாளர் இதற்குப் பயந்து பந்தை முழுநீளமாகப் போட ஆரம்பிப்பார். மஹேலவுக்கு வேண்டியதும் அதுதான்.

இந்த ஆட்டத்துக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. பந்து எவ்வளவு உயரம் எழும் என்பது முன்கூட்டியே தெரிய வேண்டும். தரையில் விழுந்த பிறகு அது திசை மாறினால் மெதுவாக மாற வேண்டும். எஸ்.எஸ்.சி.யில் முதல் மூன்று நாட்கள் இரண்டுமே கிடைக்கும். டேர்பனிலோ பேர்த்திலோ கிடைக்காது. பந்து மார்பு உயரத்துக்கு வந்தால் மட்டையை மேலிருந்து இறக்க முடியாது, பக்கவாட்டில்தான் கொண்டுபோக வேண்டும். அப்போது பந்து தரைக்குப் போகாமல் காற்றில் போகும்.

இங்கே ஒரு விடயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பந்தைத் தாமதமாக ஆடுவது குற்றமே இல்லை. அசையும் பந்துக்கு எதிராக எந்தப் பயிற்சியாளரும் அதைத்தான் சொல்லிக்கொடுப்பார். மஹேலவின் சிக்கல் திசை. அவர் கை தானாகவே மட்டை முகத்தைத் திறந்து பந்தை விக்கெட்டுக்குப் பின்புறமாக அனுப்பப் பழகியது. இலங்கையில் அந்தப் பகுதியில் ஒரே ஒரு ஸ்லிப் நிற்பார், சில நேரம் அவரும் இருக்கமாட்டார். தென்னாபிரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் அதே பகுதியில் மூன்று ஸ்லிப்பும் அவர்களுக்குப் பக்கத்தில் ஒரு கலியும் காத்திருப்பார்கள். காலியில் இரண்டு ஓட்டம் தந்த அதே தட்டல் கேப் டவுனில் இரண்டாவது ஸ்லிப்பின் கைக்குப் போகும். கூடவே, இன்னிங்ஸின் ஆரம்பத்தில் முன்கால் சற்றுக் குறுக்கே விழும் பழக்கமும் இருந்ததால் பந்து காலில் பட்டு ஆட்டமிழக்கும் எல்.பி.டபிள்யூ. வாய்ப்பும் திறந்தே இருந்தது. தென்னாபிரிக்க மண்ணில் அவருக்கு ஒரு டெஸ்ட் சதம்கூட இல்லை. 2000 இறுதியில் டேர்பனில் எடுத்த 98 தான் அங்கே அதிகம்.

முற்றிலும் வறட்சி என்றும் சொல்ல முடியாது. லோர்ட்ஸில் 2002-இல் 107, 2006-இல் 119. நேப்பியரில் 2005-இல் 141. ஹோபார்ட்டில் 2007-இல் 104. ஒவ்வொன்றும் தனித்தனித் தீவு. ஒரு தொடர் முழுக்க வெளிநாட்டு வேகத்தை அடக்கினார் என்று காட்ட ஒன்று கிடைப்பது கடினம். அந்த வேலையைச் செய்தவர் அவரோடு ஆடிய குமார் சங்கக்கார. இருவரையும் ஒப்பிடுபவர்கள் இந்த இடத்தில் சங்கக்காரவின் பக்கம் சாய்வது நியாயமே.

ஆனால் சொந்த மண் என்றாலே சுலபம் என்ற எண்ணத்தை இரண்டு இன்னிங்ஸ்கள் உடைக்கின்றன.

ஒன்று, 2006 ஓகஸ்டில் கொழும்பு பி. சரா ஓவலில் தென்னாபிரிக்காவுக்கு எதிரான நான்காவது இன்னிங்ஸ். இலக்கு 352. பந்து திரும்பிக்கொண்டும் அவ்வப்போது எகிறிக்கொண்டும் இருந்த ஐந்தாம் நாள் ஆடுகளம். மஹேல 123 எடுத்தார். அவர் போன பிறகும் ஓட்டங்கள் மீதமிருந்தன; கடைசியில் ஒரே ஒரு விக்கெட் கையிருப்பில் இருக்க இலங்கை வென்றது. முந்தைய வாரம் அதே அணிக்கு எதிராக அவர் எடுத்த 374-ஐ எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். துடுப்பாட்டமாக எடைபோட்டால் இந்த 123 அதைவிடக் கனம்.

மற்றது, 2012 மார்ச்சில் காலியில் இங்கிலாந்துக்கு எதிராக எடுத்த 180. முதல் நாள் காலையில் இலங்கை 15 ஓட்டங்களுக்கு 3 விக்கெட். மொத்த இன்னிங்ஸ் 318. அதில் 180 மஹேலவுடையது. அடுத்தபடியாக எவரும் எடுத்த அதிகபட்சம் 27. கடைநிலை வீரர்களோடு ஆடும்போது அவர் ஓவரின் ஆரம்பப் பந்துகளை விளாசுவதும், கடைசியில் ஒற்றை ஓட்டம் எடுத்து மறுமுனைக்குப் போவதுமாகக் கணக்குப் போட்டு ஆடினார். இங்கிலாந்து 193-க்குச் சுருண்டது; சுழற்பந்து வீச்சாளர் ஹேரத் போட்டியில் 12 விக்கெட் எடுக்க, இலங்கை 75 ஓட்டங்களால் வென்றது. அந்த 180 இல்லாவிட்டால் ஹேரத்துக்குப் பாதுகாக்க ஓட்டமே இருந்திருக்காது.

சரி, 374. அதை விட்டுவிட்டு இந்த வாழ்க்கையை எழுத முடியாது.

அதன் வேர் 1997 ஓகஸ்டில் இருக்கிறது. கொழும்பு நாலந்தா கல்லூரியிலிருந்து வந்த இருபது வயது இளைஞன் தன் முதல் டெஸ்டை ஆர். பிரேமதாச மைதானத்தில் இந்தியாவுக்கு எதிராக ஆடினான். இலங்கை 6 விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்த போட்டி அது. ஜயசூரிய 340, மஹாநாம 225; இருவரும் சேர்ந்து 576. எந்த விக்கெட்டுக்கும் அதுவரை டெஸ்டில் இருந்ததில் பெரிய இணைப்பாட்டம். அறிமுக வீரன் கால்கவசத்தைக் கட்டிக்கொண்டு அவர்கள் ஆடுவதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்து, முறை வந்தபோது 66 எடுத்தான். அடுத்த ஆண்டு காலியில் நியூசிலாந்துக்கு எதிராக 167. 1999 பெப்ரவரியில் எஸ்.எஸ்.சி.யில் இந்தியாவுக்கு எதிராக 242.

அந்த முதல் டெஸ்டுக்கு ஒன்பது ஆண்டு கழித்து, 2006 ஜூலை கடைசியில், எஸ்.எஸ்.சி.யில் தென்னாபிரிக்கா 169-க்கு ஆட்டமிழந்தது. பதிலுக்கு இலங்கை 14 ஓட்டங்களுக்கு 2 விக்கெட். தரங்கவையும் ஜயசூரியவையும் டேல் ஸ்டெய்ன் அனுப்பியிருந்தார். அங்கே சேர்ந்த சங்கக்காரவும் மஹேலவும் மூன்றாம் நாள்தான் பிரிந்தார்கள், 638-இல். 624 ஓட்டங்கள். 576 என்ற டெஸ்ட் சாதனையும் போனது. 1947-இல் பரோடாவுக்காக விஜய் ஹசாரேயும் குல் மொஹமதும் எடுத்த 577 என்ற முதல்தர சாதனையும் போனது. சங்கக்கார 287. மஹேல 374, 572 பந்துகளில், 752 நிமிடங்களில்.

அந்த 374-ஐ உடைத்துப் பார்ப்பது பயனுள்ளது. 43 பவுண்டரி, ஒரே ஒரு சிக்ஸர். அடித்துப் பெற்றது 178. மிச்சம் 196 ஓட்டங்களை அவர் ஓடி எடுத்தார். சங்கக்கார எடுத்த ஓட்டங்களுக்கும் சேர்த்து ஓடியதைக் கூட்டினால், கொழும்பின் ஜூலை வெக்கையில் பன்னிரண்டரை மணி நேரம் ஓடியது எவ்வளவு என்பது புரியும். இடக்கை–வலக்கைச் சோடி என்பதால் ஒவ்வொரு ஒற்றை ஓட்டத்துக்கும் களத்தடுப்பு மொத்தமாக மாற வேண்டியிருந்தது. வீச்சாளர் ஒரே தடத்தில் ஆறு பந்து போட வாய்ப்பே கிடைக்கவில்லை. களைத்தது துடுப்பாட்ட வீரர்களைவிட எதிரணிதான்.

அன்ட்ரே நெல் அவரது ஸ்டம்பைச் சாய்த்தபோது பிரையன் லாராவின் 375-க்கு ஒன்று குறைவு, 400-க்கு 26 குறைவு. அவருக்கு மேலே இருந்த மூன்று இன்னிங்ஸ்களும் லாராவும் ஹெய்டனும் ஆடியவை, இருவரும் இடக்கையர். வலக்கை வீரர் ஒருவரின் அதிகபட்ச டெஸ்ட் ஓட்டம் 374 தான். 5 விக்கெட்டுக்கு 756 என்ற நிலையில் இன்னிங்ஸ் நிறுத்தப்பட்டது. தென்னாபிரிக்கா இரண்டாம் இன்னிங்ஸில் 434 எடுத்தும் ஓர் இன்னிங்ஸாலும் 153 ஓட்டங்களாலும் தோற்றது. இது முக்கியம்: பெரிய தனிநபர் ஓட்டங்கள் பலவும் சமநிலையில் முடிந்த போட்டிகளில் வந்தவை. இது வென்ற போட்டியில் வந்தது, அதுவும் அணித்தலைவராக.

தலைமை அவருக்குத் தற்செயலாக வந்தது. மாவன் அத்தபத்துவின் முதுகுக் காயத்தால் பதில் தலைவராகத்தான் 2006-இல் இங்கிலாந்துக்குப் போனார். லோர்ட்ஸில் இங்கிலாந்து 6 விக்கெட்டுக்கு 551. இலங்கை 192-க்கு எல்லோரும் ஆட்டமிழந்து, உடனே மறுபடியும் ஆட வேண்டிய ஃபோலோ ஓன். இரண்டாம் இன்னிங்ஸில் 199 ஓவர்கள் நின்று 9-க்கு 537 எடுத்துத் தப்பித்தார்கள். மஹேலவின் 119 அதற்கு அச்சாணி. ஆனால் கடைசியில் தோல்வியைத் தடுத்தது குலசேகரவின் 64-உம் வாஸின் ஆட்டமிழக்காத 50-உம். இங்கிலாந்து பிடிகளை வரிசையாகத் தவறவிட்டதையும் சேர்த்துச் சொன்னால்தான் உண்மை முழுமையாகும். எட்ஜ்பாஸ்டனில் தோல்வி, டிரென்ட் பிரிட்ஜில் சுழற்பந்து வீச்சாளர் முரளி (முத்தையா முரளிதரன்) 70 ஓட்டங்களுக்கு 8 விக்கெட் எடுக்க 134 ஓட்ட வெற்றி, தொடர் 1–1. பின்னர் ஒருநாள் தொடரை 5–0 என்று துடைத்தெடுத்தார்கள். மஹேலவுக்கு அதில் இரண்டு சதங்கள். அந்த ஆண்டின் சிறந்த அணித்தலைவர் விருதை ஐ.சி.சி. அவருக்குக் கொடுத்தது.

அவருடைய தலைமையில் 38 டெஸ்ட்: 18 வெற்றி, 12 தோல்வி, 8 சமநிலை. சமநிலைகள் குறைவாக இருப்பதைக் கவனிக்க வேண்டும். ரணதுங்கவிடமிருந்து வந்த பிடிவாதம் ஒரு வகை; இவருடையது சூதாட்டக்காரனின் நிதானம். 2007 உலகக் கிண்ண சூப்பர் 8 சுற்றில் கிரெனடாவில் அவுஸ்திரேலியாவைச் சந்தித்தபோது முரளியையும் வாஸையும் வெளியே உட்காரவைத்தார். இறுதிப் போட்டியில் அவர்களைச் சந்திக்க நேரலாம், அதுவரை முகத்தைக் காட்ட வேண்டாம் என்ற கணக்கு. போட்டி தோற்றது, விமர்சனம் வந்தது. ஆனால் அரையிறுதிக்குப் போவது ஏறத்தாழ உறுதியான நிலையில் அது சரியான பந்தயம் என்றே தோன்றுகிறது. அடம் கில்கிறிஸ்ட் இறுதியில் 104 பந்துகளில் 149 அடித்தால் எந்தத் திட்டமும் நிற்காது.

2008-இல் இந்தியாவுக்கு எதிரான உள்ளூர்த் தொடரில் நடுவர் முடிவை மீளாய்வு செய்யும் முறை முதன்முறை பரீட்சிக்கப்பட்டது. இந்தியா கேட்ட மீளாய்வுகளில் வெற்றி பெற்றது ஒன்றே ஒன்று; இலங்கைக்கு அதைப்போல பல மடங்கு. ஸ்லிப்பில் நிற்கும் தலைவருக்குப் பந்தின் தடம் நேராகத் தெரியும். பக்கத்தில் விக்கெட் காப்பாளர். மிட் ஓஃபில் நிற்கும் தலைவருக்கு அந்த வசதி கிடையாது. அதே தொடரில் அஜந்த மெண்டிஸ் மூன்று டெஸ்ட்களில் 26 விக்கெட் எடுத்தார். சில வாரங்களுக்கு முன் கராச்சியில் ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியாவை 13 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் என்று சாய்த்திருந்த அதே மெண்டிஸ்.

ஸ்லிப் என்று வந்துவிட்டது; அங்கே சற்று நிற்கலாம். டெஸ்டில் மஹேலவின் பிடிகள் 205. அதில் முரளிதரனின் பந்தில் மட்டும் 77. விக்கெட் காப்பாளர் அல்லாத ஒருவர் ஒரே வீச்சாளரின் பந்தில் எடுத்த பிடிகளில் இதுவே அதிகம்.

இது ஏன் கடினம் என்று பார்ப்போம். முரளியின் பந்து மணிக்கு ஏறத்தாழ 85 கிலோமீற்றரில் கையை விட்டுப் புறப்படும். தரையில் பட்டதும் வேகம் குறையும். விளிம்பில் பட்டு ஸ்லிப்புக்கு வரும்போது நொடிக்கு 19 மீற்றர் என்று வைத்துக்கொள்ளலாம். சுழற்பந்துக்கு ஸ்லிப் மட்டையிலிருந்து இரண்டரை மீற்றர் தூரத்தில்தான் நிற்பார். கணக்குப் போட்டால் 0.13 நொடி. கண் பார்த்து, மூளை சொல்லி, கை அசைய மனிதனுக்கு ஏறத்தாழ 0.2 நொடி வேண்டும். ஆகவே பந்து விளிம்பில் பட்டதைப் பார்த்துப் பிடிக்கப் போனால் பிந்திவிடும். பந்து கையை விட்டு வரும்போதே அது எப்படித் திரும்பும் என்று படித்து, எடையை அந்தப் பக்கம் சாய்த்து, விரல்களைத் தளர்வாக வைத்திருக்க வேண்டும். இடக்கை வீரருக்கு முரளியின் வழக்கமான ஓஃப் பிரேக் வெளியே போகும், விளிம்பு ஸ்லிப்புக்கு வரும். வலக்கை வீரருக்கு அதே பந்து உள்ளே வரும், ஸ்லிப்புக்கு வேலை கொடுப்பது எதிர்ப்பக்கம் திரும்பும் தூஸ்ரா. உலகத்தின் பாதித் துடுப்பாட்ட வீரர்கள் படிக்கத் திணறிய அந்தத் தூஸ்ராவை ஸ்லிப்பில் நின்றவர் ஒவ்வொரு முறையும் படித்தாக வேண்டும். இன்னொன்று: எழும்புவது மிக முன்னதாக நடந்தால் தாழ்வாக வரும் பந்து கைக்குக் கீழே போய்விடும். மஹேல கடைசி நொடிவரை குந்திய நிலையிலேயே இருப்பார், பந்தோடு சேர்ந்துதான் எழும்புவார்.

2010 ஜூலை 22, காலி. முரளியின் கடைசி டெஸ்ட், 799 விக்கெட், இந்தியாவின் கடைசி விக்கெட். இடக்கையரான பிரக்யான் ஓஜாவின் விளிம்பில் பட்ட பந்து முதல் ஸ்லிப்புக்குப் போனது. பிடி ஜயவர்தன, வீச்சு முரளிதரன்: 800.

தலைமையின் முதல் பகுதி 2009 பாகிஸ்தான் சுற்றுப்பயணத்தோடு முடிந்தது. விலகப்போவதை முன்பே அறிவித்திருந்தார். கராச்சியில் அவர் 240, திலான் சமரவீர 231. நான்காம் விக்கெட்டுக்கு 437. அடுத்த டெஸ்டின் மூன்றாம் நாள், மார்ச் 3, லாகூரில் அணியின் பேருந்து மீது துப்பாக்கித் தாக்குதல் நடந்தது. சமரவீரவின் தொடையில் குண்டு பாய்ந்தது, மஹேலவும் காயமடைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அஹமதாபாத்தில் அவர் 275 எடுத்தார், பிரசன்ன ஜயவர்தனவோடு ஆறாம் விக்கெட்டுக்கு 351.

ஒருநாள் போட்டிகளில் 448 ஆட்டங்கள், 12,650 ஓட்டங்கள், சராசரி 33.37. அவருடைய திறமைக்கு இது குறைவு. நடுவரிசையில் கீழே மேலே என்று நகர்த்தப்பட்டதும், தொடக்கத்தில் நீண்ட காலம் சீரற்று ஆடியதும் காரணங்கள். 2003 உலகக் கிண்ணத்தில் 7 இன்னிங்ஸில் மொத்தம் 21 ஓட்டம். அதைவிட மோசமான உலகக் கிண்ணம் எந்த முன்னணித் துடுப்பாட்ட வீரருக்கும் இருந்திருக்குமா என்பது சந்தேகம். அடுத்த உலகக் கிண்ணத்தில் 548 ஓட்டங்கள். ஹெய்டனுக்கு அடுத்த இடம். கிங்ஸ்டனில் நியூசிலாந்துக்கு எதிரான அரையிறுதியில் 109 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 115. முதல் பாதியை ஊர்ந்து கடந்து, பின் பாதியில் பாய்ந்த இன்னிங்ஸ். இலங்கை 81 ஓட்டங்களால் வென்றது.

2011 ஏப்ரல் 2, மும்பை வான்கடே. இறுதிப் போட்டி. சகீர் கான் முதல் ஐந்து ஓவர்களில் 6 ஓட்டங்கள் மட்டும் கொடுத்து ஒரு விக்கெட் எடுத்திருந்தார், அவற்றில் மூன்று ஓட்டமற்ற ஓவர்கள். டில்ஷானும் போனபோது 2-க்கு 60, பதினேழாவது ஓவர். மஹேல அங்கிருந்து 88 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 103 எடுத்தார். 13 பவுண்டரி, சிக்ஸர் இல்லை. 52 ஓட்டம் எல்லைக்கு, 51 ஓட்டம் ஓடி. பெரும் பகுதி தேர்ட் மேனுக்கும் கவருக்கும் இடைப்பட்ட வெளியில் தட்டியும் வழிநடத்தியும் எடுத்தவை. களத்தடுப்புக் கட்டுப்பாடுள்ள கடைசி ஐந்து ஓவர் பவர்பிளேயில் 63 ஓட்டங்கள். சகீர் முடிவில் 10 ஓவர்களில் 60 கொடுத்திருந்தார். இலங்கை 274. கம்பீர் 97, தோனி ஆட்டமிழக்காமல் 91, இந்தியா வென்றது. உலகக் கிண்ண இறுதியில் சதமடித்தவரின் அணி தோற்றது அதுவே முதல் முறை. தோற்றவரின் இன்னிங்ஸ் என்பதாலேயே இது அதிகம் பேசப்படுவதில்லை. பலத்தை நம்பாமல் இடைவெளியை மட்டும் நம்பி இறுதிப் போட்டியில் சதம் எடுப்பதற்கு இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

டி20 பலசாலிகளின் ஆட்டம் என்று சொல்லப்பட்ட காலத்தில், 2010 உலக டி20 தொடரில் ஆரம்ப வீரராக இறங்கி 81, 100, ஆட்டமிழக்காமல் 98 என்று அடுத்தடுத்து எடுத்தார். அந்தத் தொடரில் அதிக ஓட்டங்கள், 302, அவருடையதே. உள்வட்டத்துக்கு வெளியே இருவர் மட்டும் நிற்கும் முதல் ஆறு ஓவர்களில் மஹேலவின் லேட் கட்டும் உள்ளிருந்து வெளியே ஆடும் கவர் அடியும் டெஸ்டைவிட அதிக லாபம் தந்தன. காக்க ஆளே இல்லை.

டில்ஷான் விலகியதால் 2012 ஜனவரியில் தலைமை மீண்டும் வந்தது. அந்த ஆண்டு உலக டி20யில் அவர் செய்த ஒரு காரியம் விதிகளை அவர் எவ்வளவு உன்னிப்பாகப் படித்தார் என்பதைக் காட்டும். ஓவர் வீதத் தாமதத்துக்காக அவர் மேல் ஏற்கனவே ஒரு குற்றம் பதிவாகியிருந்தது. மீண்டும் ஒரு தடவை நடந்தால் தலைவருக்கு ஒரு போட்டித் தடை, அரையிறுதியே பறிபோகலாம். ஆகவே இங்கிலாந்துக்கு எதிரான பல்லேகல ஆட்டத்தில் நாணயச் சுழற்சிக்குச் சங்கக்காரவை அனுப்பினார். காகிதத்தில் சங்கக்கார தலைவர், களத்தில் ஆட்களை நிறுத்தியவர் மஹேல. வேகப்பந்து வீச்சாளர் மாலிங்க 5 விக்கெட் எடுக்க 19 ஓட்ட வெற்றி. விதியை வளைத்தார் என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். விதி அப்படி எழுதப்பட்டிருந்தது, அவ்வளவுதான்.

இறுதிப் போட்டி அவ்வளவு நன்றாகப் போகவில்லை. அக்டோபர் 7, பிரேமதாச. மேற்கிந்தியத் தீவுகள் பத்து ஓவர் முடிவில் 2-க்கு 32. அடுத்த பத்தில் 105. மார்லன் சாமுவேல்ஸ் 56 பந்துகளில் 78. அதில் பெரும் சேதம் மாலிங்கவுக்கு, 4 ஓவர்களில் 54. மெண்டிஸ் மறுபக்கம் 12 ஓட்டங்களுக்கு 4 விக்கெட் எடுத்தும் பயனில்லை. சாமுவேல்ஸ் நிலைத்துவிட்ட பிறகும் வேகத்தையே திரும்பத் திரும்பக் கொடுத்தது தவறு என்றே படுகிறது, சுழலை நீட்டியிருக்கலாம். 138 என்ற இலக்கைத் துரத்துகையில் தூறல் விழ, மழையில் இலக்கைத் திருத்தும் டக்வர்த்–லூயிஸ் கணக்கில் பின்தங்கிவிடக் கூடாதென்ற அவசரத்தில் மஹேல நரேனை ரிவர்ஸ் ஸ்வீப் ஆடப் போய் 33-இல் ஆட்டமிழந்தார். இலங்கை 101. அன்றிரவே டி20 தலைமையை விட்டார். 2014 ஏப்ரலில் டாக்காவில் இந்தியாவை வென்று கிண்ணத்தைத் தூக்கிய அணியில் மாலிங்க தலைவர், மஹேல வெறும் வீரர்.

அதே ஆண்டு ஓகஸ்டில் எஸ்.எஸ்.சி.யில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசி டெஸ்ட். கடைசி இன்னிங்ஸில் 54. ஒருநாள் ஆட்டம் 2015 மார்ச்சில் சிட்னி காலிறுதியோடு முடிந்தது.

பயிற்சியாளராக அவர் 2017-இல் மும்பை இந்தியன்ஸுக்குப் போனார். அந்த ஆண்டே கிண்ணம், ஒரு ஓட்ட வித்தியாசத்தில். 2019-இலும் 2020-இலும் மீண்டும். 2019 இறுதி ஹைதராபாத்தில், சென்னைக்கு எதிராக. கடைசி ஓவரில் சென்னைக்கு 9 ஓட்டங்கள் தேவைப்பட்டபோது பந்து போனது மாலிங்கவின் கைக்கு, முதல் மூன்று ஓவர்களில் 42 கொடுத்திருந்தவரிடம். ஐந்து பந்துகளில் 7 போனது. இரண்டு தேவைப்பட்ட கடைசிப் பந்தில் மெதுவான யோர்க்கர், எல்.பி.டபிள்யூ., ஒரு ஓட்ட வெற்றி.